கைப்பேசி இருப்பிடக் கண்காணிப்பு: செய்தியாளர் சங்கத்தின் நிலைப்பாடு

ஒன்றிய அரசின் சஞ்சார் சாத்தி செயலியை எல்லாக் கைப்பேசிகளிலும் ஏற்றச் சொன்ன உத்தரவு 2025 டிசம்பர் 3 அன்று கைவிடப்பட்டதை உறுப்பினர்கள் அறிவார்கள். அதே வாரத்தில் அடுத்தது வெளிவந்தது. செயற்கைக்கோள் வழி இருப்பிடக் கணிப்பு எந்நேரமும் இயங்க வேண்டும், அதை அணைக்கும் வசதியே கூடாது என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் யோசனை. 2025 டிசம்பரில் ஒன்றிய அரசு அதைப் பரிசீலித்து வந்தது. செயற்குழு இதை எதிர்க்கிறது.

புலனாய்வுக்கு இருப்பிடத் தகவல் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. நீதிமன்ற ஆணையின் பேரில், குறிப்பிட்ட நபர் குறித்து, குறிப்பிட்ட காலத்துக்கு என்றால் பேசலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. நாட்டில் உள்ள அத்தனை பேர் மீதும் என்றால் பேச எதுவும் இல்லை.

நமக்கு முதன்மையானது செய்தி தருபவரின் பாதுகாப்பு. வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் மறையாக்கம் இருக்கிறதே என்று நம்மில் பலர் தைரியமாக இருக்கிறோம். மறையாக்கம் பூட்டுவது செய்தியின் உள்ளடக்கத்தைத்தான். நிருபரின் கைப்பேசியும் தாலுகா அலுவலக ஊழியர் ஒருவரின் கைப்பேசியும் ஒரே டீக்கடையில் இருபது நிமிடம் இருந்தன என்று தெரிந்தால் போதும், ஓர் எழுத்தைக்கூடப் படிக்க வேண்டியதில்லை. கைப்பேசிக் கோபுரப் பதிவு காட்டுவது வட்டாரத்தை. செயற்கைக்கோள் கணிப்பு அந்தக் கடையையே காட்டும். மறுநாள் மணல் கொள்ளைச் செய்தி அச்சேறும். அடுத்த வாரம் அந்த ஊழியருக்கு இடமாற்ற ஆணை வரும், அல்லது வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். அதன் பிறகு எந்த ஊரில் யார் வாய் திறப்பார்? நம்மை நம்பிப் பேசியவரைக் காட்டிக்கொடுக்கும் கருவியை நாமே காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் சுமக்க வேண்டுமா?

ஜாமீனில் வருபவர் தம் கூகுள் மேப்ஸ் இருப்பிடத்தைப் புலனாய்வு அதிகாரியிடம் பகிர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் மீதே சுமத்தக் கூடாததை எல்லோர் மீதும் சுமத்தப் பார்ப்பது அக்கிரமம்.

இதே காரணத்துக்காக, வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டச் சொல்லும் 2021 தகவல் தொழில்நுட்ப விதி 4(2) நீக்கப்பட வேண்டும். சிறார் மீதான குற்றங்களுக்கு விதிவிலக்கு தரலாமா என்பதில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. அது தனியே விவாதிக்கப்படும். 

மாவட்டக் கிளைகள் இந்த அறிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றித் தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்பக் கோருகிறோம். செய்தி தருபவரைச் சந்திக்கப் போகும் உறுப்பினர்கள் இன்றிலிருந்தே கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.