கல்லாவும் பேரேடும்

சிதம்பரத்தில் திருவாதிரைக் களி, பண்ருட்டியில் பலாச்சுளை. நடுவே சர்க்கரை வியாதிக்காரராகக் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்கள்!

அதனால்தான் நம்மவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ரத்த டெஸ்ட் என்றால் முதல் இரண்டு நாள் பத்தியம். ரிசல்ட் சுமாரா வந்துட்டா, ஆஸ்பத்திரி வாசலிலேயே சர்க்கரை தூக்கலா ஒரு காபி!

பி.காம். படித்த உரிமையில் சொல்கிறேன்: வெறும் வயிற்று டெஸ்ட், அன்றைய கல்லாப்பெட்டி. ஹெச்.பி.ஏ.1.சி. டெஸ்டோ மூணு மாசப் பேரேடு. சுமார் 120 நாள் வாழும் சிவப்பணுக்கள் தின்ற களியையெல்லாம் பற்று எழுதி வைத்துவிடும். பலருக்கும் 7 சதவிகிதத்துக்குள் இருக்கணும் என்பார்கள் டாக்டர்கள்.

சிதம்பரத்தில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால், உள்ளங்காலைக் காட்ட நாம்தான் போகணும். நரம்பு மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. கவனிக்காத புண் காலையே கேட்கும்.

அடுத்த தடவை டாக்டரிடம் சீட்டை மட்டும் நீட்டாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலையும் நீட்டுங்கள். மரியாதைக் குறைவென்று கோபிக்க மாட்டார்!