கடலில்லாத மாவட்டமும் கடலோர உப்பும்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது கடல் முழுவதும் விழுப்புரத்தின் பங்காகப் போயிற்று. மரக்காணத்து உப்பளங்களும் அங்கேயே நின்றுவிட்டன. கரும்பும் மரவள்ளியும் கல்வராயன் மலையும் கள்ளக்குறிச்சிக்கு வாய்த்தன. கடலோரச் சிறு உழவர்களின் உப்பேறிய மண்ணைப் பற்றிய பேச்சை இந்த மலையிலிருந்து தொடங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் மாவட்டத்தைப் பிரித்தவர்கள் ஆற்றைப் பிரிக்கவில்லை. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றின் துணையாறுகள். மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு போய்க் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. ஊரின் பெயரே அந்தக் கூடலைச் சொல்கிறது. பின்பு சேத்தியாத்தோப்பு, புவனகிரி, கடைசியில் பரங்கிப்பேட்டைக் கழிமுகம். சங்கப் பாடல்களில் உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். உப்பு மேலே ஏறியதும் நன்னீர் கீழே இறங்கியதும் ஏறத்தாழ இதே மாதிரியான பாதைகளில்தான்.

உப்பு மண்ணுக்குக் கணினியும் கைபேசியும் தீர்வு சொல்லும் என்ற நம்பிக்கை இப்போது வலுவாக இருக்கிறது. நாங்களும் அதை இகழ்பவர்கள் அல்லர். மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. தமிழக அரசின் உழவன் செயலி 2018இல் வந்தது. மண்ணின் கார அமில நிலையும் மின்கடத்தும் திறனும் இன்று ஒரு சாதாரண உழவரின் கைக்கு எட்டும் எண்களாகிவிட்டன. இது சிறிய காரியம் அன்று.

ஆனால் அந்த எண் யாருடைய வயலின் எண் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அட்டைத் திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மண் மாதிரி. மானாவாரியில் பத்து எக்டேருக்கு ஒன்று. இரண்டரை எக்டேர் என்பது ஆறு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் கடலோர உழவருக்கு அவர் அட்டையில் வருவது அக்கம்பக்கத்தார் மூவரோடு பங்கிட்ட எண்ணாக இருக்கலாம். உள்நாட்டில் இதனால் பெரிய கேடு இல்லை. கடலோரத்தில் வாய்க்காலை ஒட்டிய பாத்தி ஒரு மாதிரியும் பத்தடி தள்ளியிருக்கும் தாழ்ந்த பாத்தி வேறு மாதிரியும் இருக்கும். வரப்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தும், கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தும் அவர் அறிந்தது அட்டை அறிந்ததைவிட நுட்பமானது.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. மொழியில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இது சற்று உறுத்த வேண்டும். தமிழில் உவர் வேறு, களர் வேறு. கரையும் உப்புகள் மிகுந்து, மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர். சோடியம் மண் துகள்களைப் பற்றிக்கொண்டு, கார அமில நிலை 8.5க்கு மேல் போய், மழை பெய்தால் சேறும் காய்ந்தால் கல்லுமாக இறுகினால் களர். கல்லாதவரை வள்ளுவர் ஒப்பிட்டது களருக்கு. விதைத்தாலும் விளையாத நிலம் அது. இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றன்று. களருக்கு ஜிப்சம் போட்டு, நீர் கட்டி, வடிக்க வேண்டும். கடலோர உவருக்கு ஜிப்சம் பெரும்பாலும் வீண் செலவு. அதற்கு வேண்டியது நல்ல நீரும் அந்த நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேற ஒரு வடிகாலும். ஒரு செயலி 'உப்பு மண்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மூட்டைக் கணக்கில் ஜிப்சம் பரிந்துரைத்தால், நட்டப்படுபவர் கடன் வாங்கி மூட்டை வாங்கியவர்தான். ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தெரியக்கூடும்.

நிற்க. எங்களுக்கு இதைவிடப் பெரிதாகப் படும் குறை வேறு. இந்தக் கருவிகள் மண்ணைப் பற்றிப் பேசுகின்றன. நோயோ நீரில் இருக்கிறது. கடலோர நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அது கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை உவர்நீரை அழுத்தி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அந்த ஓர் அடி குறைந்தால் உப்பு நாற்பது அடி மேலேறி வர வழி பிறக்கிறது. அந்த ஓர் அடி எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து, ஏரியிலிருந்து, ஆற்றிலிருந்து. வெள்ளாற்றில் நீரோட்டம் ஓய்ந்ததும் ஓதம் ஆற்றுக்குள் ஏறுகிறது; அதைத் தடுக்க ஒரு தடுப்பணை வேண்டும் என்று கடைமடைக்காரர்கள் நெடுங்காலம் கேட்டு வந்திருக்கிறார்கள். மேலே அணை, கரும்புத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு, நடுவே மணல் அள்ளிய பள்ளங்கள் எல்லாம் சேர்ந்துதான் கீழே இருக்கும் ஒன்றரை ஏக்கரின் உப்பைத் தீர்மானிக்கின்றன. அப்படியிருக்க, கடைசியில் இருப்பவரிடம் மட்டும் 'ரகத்தை மாற்று' என்று சொல்வது பாதிச் செய்தி.

ரகத்தை மாற்ற அவருக்குத் தெரியாமலும் இல்லை. குழியடிச்சான், களர்பாலை என்று பெயரிட்டு வைத்திருந்தவர்கள் அவருடைய முன்னோர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகைப் பகுதியில் நம்மாழ்வாரும் உழவர்களும் வயலை மீட்டபோது தக்கைப்பூண்டும் பசுந்தழையும் பழைய ரகங்களும் கைகொடுத்தன. மழையும் உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. ஆனால் எந்த நெல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண ரகங்களில் மண்ணின் உப்பு 3 டெசிசைமனைத் தாண்டியபின் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் விளைச்சலில் சுமார் 12 விழுக்காடு போய்விடும். அதிலும் நெல் உப்புக்கு மிக அஞ்சும் பருவங்கள் இரண்டு: இளநாற்று, பிறகு பூக்கும் காலம். சம்பா பூக்கும்போது மழை விடைபெற்றிருக்கும், ஆறு மெலிந்திருக்கும். அந்தச் சில வாரங்களில் அவருக்குத் தெரிய வேண்டியது கோமுகி அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது, மணிமுத்தாற்றில் நீர் வருமா, ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதுதான். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் அட்டை இதைச் சொல்லாது.

இப்படிப்பட்ட செய்தியைக் கொண்டு சேர்ப்பது இயலாத காரியமும் அன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாட்டில் அதே ஒலிபெருக்கி ஊரையே கரையிலிருந்து அகற்றியது. அங்கே உயிர் காத்தது கணினி மட்டுமல்ல, அதோடு கட்டிய குழாய் ஒலிபெருக்கியும், அதன் சொல்லை நம்பிய ஊரும். தனித்தனிக் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் அந்த நம்பிக்கை எளிதில் வருவதில்லை.

மலை நீரையெல்லாம் கடைமடைக்கு விட்டுவிடச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோமுகி ஆயக்கட்டுக்காரரும் சிறு உழவரே. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்த கல்வராயன் மலை மக்களிடம் போய்த் தியாகம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. நாங்கள் கேட்பது நீரின் கணக்கை. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் பதிவாகிறது. வெள்ளாற்றுக் கழிமுகத்தின் உவர்ப்பை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வு மையத்தார் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி, கார்த்திகை முதல் தை முடிய நாளுக்கு ஒருமுறை புவனகிரிக்குக் கீழே உள்ள ஊர்களின் ஒலிபெருக்கியில் வாசிக்க ஓர் ஆள் போதும்.