பரிசல்ல ஏறினாலும் ஆபீஸ்தான் பாஸ்!

ஒகேனக்கல்ல டீம் அவுட்டிங். பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல்னு ஜாலியா போகுது. கூட வந்த கிளையன்ட், உங்க டீம் பொண்ணுகிட்ட ஓவரா வழியறார்னு வைங்க. "பெரிய கிளையன்ட், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பார் மேனேஜர். "அதான் நல்ல புராஜெக்ட் எல்லாம் அவளுக்கே போகுது"னு பின்னாடி ஒரு பொறாமைக் குரல் வேற. நிறைய பேர் புகார் கொடுக்காம விடுறது இந்தக் குரலுக்குப் பயந்துதான்.

ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போடுற கடலையில் சட்டத்துக்கு வேலையில்லை. பிடிக்கலைன்னா கதை வேற. 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, வேலை நிமித்தம் போகும் ஊரும் கம்பெனி வேனும்கூட பணியிடமே.

'அவர் வேற கம்பெனி ஆச்சே' என்ற சாக்கும் இனி எடுபடாது. வேறு அலுவலக ஊழியர் மீதும் தன் அலுவலக உள்ளகக் குழுவிலேயே ஒரு பெண் புகார் தரலாம் என, இரு அரசுத் துறைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுவா கெடு 3 மாதம். அதே பரிசல்ல உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்த நீங்க, சாட்சி சொல்ல வருவீங்களா?