கரை ஒருவருக்கு, ஆபத்து ஊருக்கா?

சோழவந்தான் வட்டாரத்து விவசாயிக்குக் கரையின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரணையில் பிரிந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரும், வைகைத் தண்ணீரும், ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீரும் கண்மாயில் நிற்பது மண் கரையின் பலத்தில்தான். நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்தக் கரையை நம்பி நிற்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலும் குடிசையும். நடுவில் இருப்பது வெறும் மண்!

இந்த மண்ணைக் காக்கும் பொறுப்பு யாருடையது? நமது கண்மாய்கள் இன்று பெரும்பாலும் சர்க்கார் பொறுப்பிலோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலோ இருக்கின்றன. ஆனால் பண்ணைக்காகவும் தோட்டத்திற்காகவும் ஆலைக்காகவும் தனியார் மண் அணை போட்டுத் தண்ணீர் தேக்குவது நாடெங்கும் உண்டு. அந்தத் தண்ணீரின் லாபம் உடைமைக்காரருக்கு. கரை உடைந்தால் சாவு கீழே குடியிருப்பவனுக்கு. இந்த அநியாயக் கணக்கைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

உலகம் இந்தக் கணக்கை ரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் ஜான்ஸ்டவுன் என்ற இரும்பாலை நகரம் இருக்கிறது. அதற்கு மேலே மலையில் ஒரு மண் அணை. கோடீசுவரர்களின் உல்லாச சங்கம் ஒன்று மீன் பிடிக்கவும் படகு விடவும் அதை வாங்கியது. இரும்பு முதலாளி கார்னகியும், நிலக்கரி முதலாளி ஃப்ரிக்கும் அதில் அங்கத்தினர்கள். அடியில் தண்ணீரை வெளியேற்றும் குழாய்களை முந்திய சொந்தக்காரர் பிடுங்கி விற்றிருந்தார். சங்கத்தார் அவற்றைத் திரும்பப் போடவில்லை. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் ஓடிவிடக் கூடாதென்று கலுங்கு வாயில் வலைத்தடுப்பு வைத்தார்கள். இரும்பாலையின் எஞ்சினியர் 1880-இலேயே எச்சரித்தார். காது கொடுப்பாரில்லை. 1889 மே 31-ஆம் தேதி அணை உடைந்தது. 2,209 பேர் மாண்டனர். கோர்ட்டில் அந்தச் சங்கத்தார் ஒருவர்மீதும் பொறுப்பு சுமத்தப்படவில்லை. “கடவுள் செயல்” என்று கணக்கை முடித்தார்கள்!

இது பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018 மே 9-ஆம் தேதி இரவு கென்யா நாட்டில் சோலாய் என்ற இடத்தில், ஒரு பெரிய தனியார் பண்ணையின் மண் அணை உடைந்தது. கீழே இருந்த கிராமத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அணைக்கு உரிமமே இல்லை என்று அந்நாட்டு நீர்வள அதிகாரிகள் சொன்னார்கள். எப்போது சொன்னார்கள்? பிணங்களை எடுத்த பிறகு!

நம் பக்கத்துச் சரித்திரத்தையும் பார்ப்போம். பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில் கார்வேட்டிநகரம் ஜமீன் இருந்தது. கனமழையில் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாதையை அடித்துச் சென்றன. மதராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார்மீது நஷ்டஈடு வழக்குப் போட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் 1874-இல் கம்பெனியின் வழக்கைத் தள்ளியது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 1868-இல், இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற மில் முதலாளியின் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் பாய்ந்து பக்கத்துச் சுரங்கம் மூழ்கிய வழக்கில், முதலாளியின் கவனக்குறைவு நிரூபணமாகாவிட்டாலும் அவர் நஷ்டம் கொடுத்தே தீர வேண்டும் என்று தீர்ப்பாகியிருந்தது. ஜமீன்தாருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஏரிகள் பழங்காலத்தவை, ஜனங்களின் பிழைப்புக்கு அவசியமானவை, அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை, ஆகவே கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால்தான் அவர் பொறுப்பாவார் என்றது கவுன்சில்.

ஒரு ரயில்வே கம்பெனியால் லண்டன் வரை வழக்காட முடிந்தது. அதே வெள்ளத்தில் குடிசையை இழந்த ஒரு கூலிக்காரன் இருந்திருந்தால், அவனால் எந்தக் கோர்ட் படியை மிதித்திருக்க முடியும்? கவனக்குறைவை அவன் எப்படி நிரூபித்திருப்பான்? கரையே அடித்துப் போன பிறகு சாட்சி ஏது?

ஆனாலும் அந்தத் தீர்ப்பில் ஒரு சொல் நமக்கு ஆயுதம். கரையைக் காப்பது கடமை, தயவு அல்ல! 1948-இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து ஜமீன் போயிற்று. ஏரிகள் சர்க்காரிடம் வந்தன. கடமை மட்டும் போகவில்லை. தண்ணீரை யார் தேக்குகிறாரோ அவர் தலையில் அது இருக்கிறது.

மண் கரை சொல்லாமல் உடைவதில்லை. முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. கலுங்கு அடைபட்டாலோ, கூடுதல் தண்ணீர் தேக்கும் ஆசையில் கலுங்கின்மேல் மூட்டை அடுக்கினாலோ, வெள்ளம் கரைமேல் ஏறி வழியும். மண் கரை அதைத் தாங்காது. சில மணி நேரத்தில் அரித்துவிடும். மடையை ஒட்டியும் புறக்கரை அடியிலும் வரும் கசிவைப் பார்க்க வேண்டும். தெளிந்த கசிவானாலும் அளவு கூடுகிறதா என்று தினமும் கவனிக்க வேண்டும். கலங்கி வந்தாலோ, உள்ளே மண் கரைந்து பொந்து விழுகிறது என்று பொருள். எலி வளையும், பட்டுப்போன மரத்தின் வேரும், மண் திருடியவன் வெட்டிய பள்ளமும் தண்ணீருக்கு வழி விடும். இதெல்லாம் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பார் இல்லை, அவர் பேச்சைக் கேட்பாரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளையும் தனி நபர்களையும்கூட உடைமைக்காரர் என்று சேர்த்துக்கொள்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் சோதனை, ஆபத்துக் கால ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் யாருக்கு? 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கு. அதற்குக் குறைந்த கரைகளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஐந்து மீட்டர் தண்ணீர் நள்ளிரவில் குடிசைமேல் பாய்ந்தால், அளவுகோலைக் காட்டி அதை நிறுத்த முடியுமா?

சர்க்கார் கையில் இருந்தால் மட்டும் போதும் என்றும் நாம் சொல்லவில்லை. 2019 ஜூலை 2-ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி ஜில்லாவில் திவரே அணை உடைந்து சுமார் இருபது பேர் மாண்டனர். அது சர்க்கார் அணைதான். கசிவு பற்றி ஊரார் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். மந்திரி நண்டுகள்மேல் பழி போட்டார்! உடைமை யாருடையதானாலும், கீழே வாழும் மக்களின் கண் கரைமேல் இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை என்பதே பாடம்.

ஆகவே நாம் கோருகிறோம்:

தனியார் வசமுள்ள ஒவ்வொரு மண் அணையும், எத்தனை சிறியதானாலும், பதிவு செய்யப்பட வேண்டும். உடைமைக்காரர் பெயரும், கரை நீளமும், கலுங்கு மட்டமும் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

ஆண்டுதோறும் மழைக்கு முன் எஞ்சினியர் கரையைச் சோதிக்க வேண்டும். கீழே குடியிருப்போரின் பிரதிநிதிகள் அவருடன் கரையில் நடக்க வேண்டும்.

மராமத்துச் செலவு உடைமைக்காரருடையது. அவர் செய்யாவிட்டால் சர்க்கார் செய்து அவரிடம் வசூலிக்க வேண்டும்.

கரை உடைந்தால், கவனக்குறைவை ஏழை நிரூபிக்க வேண்டும் என்ற பேச்சே கூடாது. 1985-இல் டில்லி ஸ்ரீராம் ஆலையில் விஷவாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துபவருக்கே முழுப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன நியாயம் இங்கும் வர வேண்டும்.

கரைக்காவலுக்கு ஆள் வைத்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆபத்தென்றால் தண்டோரா போடவும், ஜனங்களை மேட்டுக்குக் கொண்டு போகவும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

சட்டம் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மே தினத்தன்றும் அக்டோபர் 2-ஆம் தேதியும் கிராம சபை கூடுகிறது. மே மாதத்தில் கண்மாய் வற்றிக் கிடக்கும், மராமத்துக்கு அதுவே காலம். அக்டோபரில் மழை வாசலில் நிற்கும், கடைசிச் சோதனைக்கு அதுவே நேரம். விவசாயத் தொழிலாளர்களே, சபைக்கு முந்தின நாள் பத்துப் பேராகக் கரையில் நடந்து வாருங்கள். கண்ட குறையை எழுதித் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். மில் தொழிலாளர்களே, உங்கள் தாய் தகப்பன் குடியிருக்கும் ஊர்களும் கரைக்குக் கீழேதான் இருக்கின்றன. லீவில் ஊருக்குப் போகும்போது மனு எழுதிக் கொடுங்கள், கலெக்டர் ஆபீஸ் வரை கூடவே வாருங்கள்.

கரையைக் கட்டியது உழைப்பாளியின் மண்வெட்டி. அதன் பலத்தைப் பரிசோதிக்கும் உரிமையும் அவனுக்கு வேண்டும்!