டேங்கைப் பிளக்கும் பட்டை வாசம்

எங்கள் ஊர் ராசா. மலாய்மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுவை என்றும் பொருள் உண்டு. கெர்லிங், பத்தாங்காலிப் பக்கத்துக் கூட்டாளிகள் அதைச் சொல்லிக் கேலி செய்வது பழைய கதை. இப்போது அந்தக் கேலிக்குப் புதிய பொருள் கிடைத்துவிட்டது. மாம்பழம், லைச்சி, எலுமிச்சை, புதினா, பட்டை என்று சுவையின் பெயரைச் சொல்லித்தான் நம் பிள்ளைகள் வேப் திரவம் வாங்குகிறார்கள்.

சில வாரங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் என் வீட்டுக்கு வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தமிழ்ப்பள்ளியில் என்னிடம் அறிவியல் படித்தவர். கையில் விரலளவு பிளாஸ்டிக் டேங்க் ஒன்று. சுவரெங்கும் நூல் இழைபோல் வெள்ளைக் கோடுகள். மரை ஓரத்தில் ஒரு விரிசல், அதன் வழியே பிசுபிசுவென்று கசிவு.

"வாங்கி ஒரு வாரம்கூட ஆகல சார். கீழயும் போடல. கடைக்காரர் போலிச் சரக்கத் தள்ளிட்டாரா? பேசாம கண்ணாடி டேங்க் வாங்கிடவா?"

முகர்ந்து பார்த்தேன். பிரியாணிச் சட்டியைத் திறந்ததுபோல் பட்டை வாசம். கடைக்காரர் மேல் பழி போடாதே தம்பி, இதைப் பிளந்தது பட்டை என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வேப் திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு குழைவான நீர்மங்கள். இவை பொதுவாகப் பிளாஸ்டிக்கோடு வம்புக்குப் போவதில்லை. வம்பு செய்வது அவற்றோடு சிறிதளவே கலக்கும் சுவைப்பொருள். பட்டைக்குச் சின்னமால்டிஹைட், எலுமிச்சை ஆரஞ்சு வகைக்கு லிமோனீன், புதினாவுக்கு மெந்தால், சோம்புக்கு அனித்தோல். எல்லாமே எண்ணெய்க் குணமுள்ள சின்னஞ்சிறு மூலக்கூறுகள்.

பிளாஸ்டிக்கோ மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் கூட்டம். ஆறிப்போய் ஒட்டிக்கொண்ட மீயை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் இழைகள் வழுக்கிப் பிரிகின்றன அல்லவா? அதே வேலையைத்தான் பட்டை வாசம் டேங்கின் சுவரில் செய்கிறது. சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து பிடிப்பைத் தளர்த்துகிறது. டேங்கை அச்சில் வார்க்கும்போதே அதற்குள் கொஞ்சம் இறுக்கம் தங்கிவிடும். நாம் மரையை முறுக்கும்போது அது இன்னும் கூடும். தளர்ந்த இடமும் இறுகிய இடமும் ஒன்றாகச் சேரும்போது முதலில் வெள்ளைக் கோடு, பிறகு விரிசல். அதனால்தான் பெரும்பாலும் மரை ஓரத்தில் தொடங்குகிறது. இன்னொன்று: அக்ரிலிக் டேங்கை ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினாலும் இதே கதிதான்.

இப்படிப் பிளந்துபோகும் டேங்குகள் பெரும்பாலும் பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். பாலிகார்பனேட்டை லேசாக எண்ணிவிடாதீர்கள். 1953இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள் அது. குண்டு துளைக்காத தடுப்பு, குறுந்தட்டு, குடிநீர் விற்கும் பெரிய கலன் எல்லாம் அதில் செய்யப்படுகின்றன. சுத்தியலுக்கு அசையாதது பட்டை வாசத்துக்குப் பிளக்கிறது. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இன்னும் தாக்குப்பிடிக்கும். அதன் சங்கிலிகள் பல இடங்களில் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால் வாசனைப்பொருள் எளிதில் நுழைவதில்லை. ஆனால் அது கொஞ்சம் மங்கலாக இருக்கும். திரவத்தின் நிறம் பளிச்சென்று தெரிந்தால்தானே விற்கும்!

உங்கள் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பலூனை நன்றாக ஊதிக் கட்டுங்கள். ஆரஞ்சுத் தோலையோ லீமாவ் கஸ்தூரித் தோலையோ அதன் அருகில் பிடித்து மடித்துப் பிழியுங்கள். தோலிலிருந்து தெறிக்கும் துளி பட்டதும் பலூன் டமாரென்று வெடிக்கும். (கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்தப் பலூன் வேறொன்றும் இல்லை, நம் தாத்தா பாட்டிமார் விடியலுக்கு முன் எழுந்து வெட்டிய பால்மரத்துப் பால்தான். கித்தாவும் ஹைட்ரோகார்பன், தோலில் உள்ள லிமோனீனும் ஹைட்ரோகார்பன். இனம் இனத்தோடு சேரும் என்பது வேதியியலுக்கும் பொருந்தும். பொட்டலம் கட்ட வரும் வெள்ளைப் பாலிஸ்டைரீன் பெட்டியில் பிழிந்தால் அம்மைத் தழும்புபோல் குழி விழும்.

தோட்டத்துப் பாட்டிமாருக்கு இந்த வேதியியல் பெயர்கள் தெரியாது. ஆனாலும் ஊறுகாயை ஜாடியிலும் தைலத்தைக் கண்ணாடிக் குப்பியிலும்தான் வைத்தார்கள். மெந்தால் மணக்கும் கோடாலித் தைலம் இன்றும் கண்ணாடிக் குப்பியில் வருகிறது, பாருங்கள்.

கண்ணாடியில் வழுக்கிப் பிரிய இழைகளே கிடையாது. சிலிக்கானும் ஆக்சிஜனும் வலைபோல் கைகோத்து இறுகி நிற்கின்றன. எண்ணெய் மூலக்கூறு நுழைய வழியில்லை. அதனால் ஒரு வசதியும் உண்டு: வாசம் தங்காது. நெத்திலிச் சம்பல் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை கழுவியிருப்பீர்கள்?

டேங்குக்குப் பயன்படும் நல்ல கண்ணாடி போரோசிலிக்கேட் வகை. அதன் கதையில் எனக்கு ஒரு தனிப் பிரியம், ஏனென்றால் அது ரயிலோடு தொடர்புள்ளது. நான் ராசா ரயில் நிலையத்துச் சத்தத்தில் வளர்ந்தவன். அக்காலத்து ரயில் விளக்குகளின் கண்ணாடி உள்ளே சுடராலும் வெளியே மழை, பனியாலும் தாக்கப்பட்டு வெடித்துச் சிதறும். வெப்பத்தில் அதிகம் விரியாத கண்ணாடியை அதற்காகவே அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் உருவாக்கியது. பிறகு அந்த ஆய்வு சமையலறைக்குள் நுழைந்து 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நூறு ஆண்டு கழித்து வேப் டேங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கண்ணாடியின் குறை உங்களுக்கே தெரியும். கடைத்தெரு ஐந்தடியில் ஒருமுறை நழுவினால் போச்சு. ஆட்டம் போடும் லாரிக்குள் வைத்துக்கொள்ள ஏற்றதும் அல்ல.

ஆக, இரண்டில் எது என்று மட்டும் கேட்டால் என் பதில் கண்ணாடி. இளைஞரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் நன்றி சொல்லி எழுந்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. உட்காரு தம்பி என்றேன். பட்டை வாசத்திடமிருந்து டேங்கைக் காப்பாற்ற வழி சொல்லிவிட்டேன். அந்தப் பட்டை வாசம் டேங்கோடு நிற்பதில்லையே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டேங்க் பிளந்ததைக் காட்டி, "பார், உன் நுரையீரலும் இப்படித்தான் பிளக்கும்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அது அறிவியல் ஆகாது. நுரையீரல் பாலிகார்பனேட்டால் ஆனதல்ல. அங்கே நடப்பது வேறு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளுகின்றன. பட்டைச் சுவையுள்ள திரவமும் அதிலுள்ள சின்னமால்டிஹைடும் அந்த அசைவைத் தற்காலிகமாக அடக்குகின்றன என்று வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் பார்த்தது அது. ஆனாலும் நாளுக்கு நூறு இழுப்பு இழுக்கிறவர் அதை அலட்சியம் செய்ய முடியாது.

"சாப்பிடுற பட்டைதானே சார்?" என்று அவர் கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். சீசாவிலும் உணவுத்தரம் என்று அச்சிட்டு அந்த எண்ணத்தை வளர்க்கிறார்கள். இந்தச் சொல்லைத்தான் நான் முதலில் ஒழிக்கச் சொல்வேன். வயிற்றுக்குள் போவது அமிலத்தையும் கல்லீரலையும் தாண்டித்தான் இரத்தத்தில் கலக்க வேண்டும். நுரையீரலின் காற்றறையில் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்களுக்குத் தீராத மூச்சுக்குழாய் நோய் இருப்பது வெளியே வந்தது. வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைல் என்ற பொருளின் ஆவியைச் சுவாசித்ததை ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். தின்றவர்களுக்கு வராத நோய், சுவாசித்தவர்களுக்கு வந்தது. அதே டையசிட்டைல், ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015இல் சோதித்த 51 வேப் சுவைகளில் 39இல் இருந்தது.

கண்ணாடி தடுக்காத இன்னொன்று டேங்குக்கு நடுவில் இருக்கிறது. திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் எல்லாம் காணப்பட்டன. சுவர் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, கம்பி கம்பிதான்.

லாரி ஓட்டும் அந்தத் தம்பி வளர்ந்தவர், அவர் பாடு. பள்ளிப் பிள்ளைகளை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன். நம் நாட்டில் 13 முதல் 17 வயதுள்ளவர்களில் மின்சிகரெட் பிடிப்போர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022 தேசியச் சுகாதார ஆய்வில் 14.9 விழுக்காடு. 2023 மார்ச் 31ஆம் தேதி நிக்கோடின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. வரி ஒரே நாளில் வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்னும் சட்டம் 852 நடப்புக்கு வர 2024 அக்டோபர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றரை ஆண்டில் கெட்ட பழக்கம் எத்தனை புத்தகப்பைக்குள் போயிருக்கும்!

அந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்ற கேள்வியே எழுவதில்லை. அவர்கள் கையில் இருப்பது மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் குடுவை, தீர்ந்தால் வீசியெறியும் ரகம். கண்ணாடி வேண்டும் என்று கேட்கவே இடமில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திருப்பினால் அடியில் முக்கோணமும் எண்ணும் இருக்கும், எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளலாம். நான் கையில் எடுத்துப் பார்த்த வேப் குடுவைகளில் அதுகூட இல்லை. டேங்கின் பொருளையும், சுவைக்குச் சேர்த்த ஒவ்வொரு பொருளின் பெயரையும் உறையின்மேல் படிக்கும் அளவில் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. பிஸ்கட் பொட்டலத்துக்கு உள்ள கட்டாயம் நுரையீரலுக்குள் போகும் பொருளுக்கு இருக்கக் கூடாதா?

எல்லாவற்றையும் கேட்ட தம்பி கடைசியில் கேட்டார்: "அப்ப பட்டைய விட்டுட்டு மாம்பழத்துக்கு மாறிடவா சார்?"

மாம்பழ மணம் ஒரே பொருளால் வருவதில்லை, பல பொருள்களின் கூட்டு. சீசாவைக் கொண்டு வா, என்னென்ன இருக்கிறது என்று சேர்ந்து படிப்போம் என்றேன். மறுநாள் மாலை கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நிக்கோடின் அளவு இருந்தது. சுவை என்ற இடத்தில் 'மாம்பழம், ஐஸ்' என்று மட்டும் போட்டிருந்தது.