வரைபடத்தில் பச்சையாக ஒரு மூலை

வீட்டுமனை வாங்கப் போன அன்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் தேடியது நம் மனை எண்ணைத்தான். கிழக்குப் பார்த்த மனையா, மூலை மனையா, முன்னால் போகிற தெரு எத்தனை அடி என்று பார்த்தோம். சென்ட் என்ன விலை, தனிப் பட்டா ஆகுமா, வங்கியில் கடன் கிடைக்குமா என்று கேட்டோம். அதே தாளின் ஓரத்தில் பச்சை வண்ணம் அடித்துப் 'பூங்கா' என்று எழுதியிருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்து, இது எவ்வளவு இடம், யார் பேரில் இருக்கிறது, எல்லைக்கல் எங்கே என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. அது நம்முடையது என்ற நினைப்பே அப்போது நமக்கு இல்லை. அதனால் அது போனபோது வலிக்கவும் இல்லை.

ஓட்டப்பிடாரத்தைச் சுற்றிக் குறுக்குச்சாலைப் பக்கமும் புதியம்புத்தூர்ப் பக்கமும் கரிசல் காடு மனைகளாகிக்கொண்டே வருகிறது. கம்பும் உளுந்தும் பாசியும் மிளகாயும் விளைந்த மண்ணில் கல் நட்டு, நுழைவு வளைவு கட்டி, ஏதாவது ஒரு 'நகர்' என்று பெயர் வைக்கிறார்கள். நாம் குடிவருகிறோம். சில வீடுகள் எழும்பியதும் குடியிருப்போர் நலச்சங்கம் தொடங்குகிறோம். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவுசெய்து, தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டு, ரப்பர் முத்திரையும் செய்துகொள்கிறோம். அந்தச் சங்கங்களில் ஒன்றின் உறுப்பினனாகத்தான் இதை எழுதுகிறேன். குறை சொல்ல வெளியாள் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

அந்தப் பச்சைக் கட்டத்தின் கணக்கு எளிமையானது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது நம் கணக்கில் சுமார் 74 சென்ட்டுக்கு மேல் போனால், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர்வரை இடமாகக் கொடுக்க வழியில்லையென்றால் அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் இடத்தைத்தான் கொடுக்க வேண்டும். அதையும் தானப் பத்திரம் பதிந்து உள்ளாட்சிக்கு எழுதிவைக்க வேண்டும். நம் பகுதியில் உள்ளாட்சி என்றால் ஊராட்சி. ஆக, பூங்கா இடம் மனை போட்டவருடையது அல்ல, சங்கத்துடையதும் அல்ல. ஊராட்சியின் சொத்து, ஊர்ச்சொத்து. இதைத் தெரிந்துகொள்ள நமக்குப் பல வருடம் ஆயிற்று. தெரிந்த பிறகும் நடப்பு மாறவில்லை.

அங்கீகாரம் இல்லாத மனைகளை வாங்கியவர்கள் கதை வேறு. விலை குறைவு என்பதற்காக வாங்கினோம். பூங்கா இல்லை, சாலைக்கு அகலம் இல்லை, மழைநீர் போக வழி இல்லை என்பதெல்லாம் கண்ணில் பட்டது. விலையும் கண்ணில் பட்டது. 2016-இல் உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது பதறினோம். 2017-இல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்ததும் கட்டணத்தைக் கட்டி மூச்சு விட்டோம். பத்திரம் பிழைத்துக்கொண்டது. பிள்ளைகள் ஓட இடம் இல்லாதது அப்படியே இருந்தது, அதைப் பற்றி எவரும் மனு எழுதவில்லை.

இடம் இருந்தவர்களான நாம் மட்டும் என்ன செய்தோம்? சங்கக் கூட்டத்தில் பேசினோம். ஒருவர் பிள்ளையார் கோயில் கட்டலாம் என்றார். ஒருவருக்கு இறகுப்பந்துக் களம் வேண்டும். ஒருவர் தூத்துக்குடியில் பார்த்த உடற்பயிற்சிக் கருவிகளைச் சொன்னார். கார் வைத்திருப்பவர்கள் கொட்டகை போடலாம் என்றார்கள். ஊஞ்சலும் சறுக்கும் போதும் என்று ஒரு அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே நாற்காலி எல்லாம் ஆண்களுக்கே போதவில்லை. ஒவ்வொருவர் ஆசையிலும் நியாயம் இருந்தது. யாருமே கேட்காத கேள்வி, அதை யார் பராமரிப்பது என்பது. செடிக்கு யார் தண்ணீர் விடுவார், விளக்குக்கு யார் பணம் கட்டுவார், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் யார் மாட்டுவார் என்று பேச்சு வரவே இல்லை. என்ன வைப்பது என்பதில் வாக்குவாதம் முற்றியது. அடுத்த கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. "நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க அண்ணாச்சி, நான் கையெழுத்துப் போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டில் இருந்துகொண்டோம். அப்புறம் அந்தக் கூட்டமும் வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டது. கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு, பொதுக்காரியத்தில் கலந்துகொண்ட திருப்தியோடு தூங்கப் போனோம்.

முடிவெடுக்காமல் விட்டால் இடம் சும்மா இருக்கும் என்று நினைத்தோம். முதலில் வீடு கட்டுகிறவர்கள் ஜல்லியும் மணலும் இறக்கினார்கள். அந்த வீடு கட்டியவர்களும் நாம்தான். வேலை முடிந்ததும் உடைந்த செங்கலும் சிமென்ட் சாக்கும் அங்கேயே கிடந்தன. மழைக்குச் சீமைக்கருவேலம் முளைத்தது. அது முள் என்பதால் யாரும் உள்ளே போகவில்லை. யாரும் போகாததால் இரவில் குப்பை போட வசதியாயிற்று. ஒரு ஓரத்தில் வேலி ஓர் அடி நகர்ந்து வந்தது. நகர்த்தியவர் நமக்கு வேண்டியவர். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்தோம்.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த இடத்தில் முள் வெட்டிக் கிரிக்கெட் ஆட வந்தவர்கள் பழைய ஊர்ப் பிள்ளைகள். இது மனையாவதற்கு முன்னால் அவர்கள் வீட்டு ஆடுகள் மேய்ந்த காடு. குப்பையை ஒதுக்கி, மூன்று கம்பு நட்டு, அவர்களாகவே களம் ஆக்கியிருந்தார்கள். நாம் என்ன செய்தோம்? "இது நகர்க்காரங்களுக்குள்ள இடம், ஒங்க ஊர்ல போய் வெளையாடுங்கலெ" என்று விரட்டினோம். பராமரிப்பு என்று வந்தபோது ஊராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று கையை விரித்த நாம், அடுத்தவர் பிள்ளை வந்து நின்றபோது மட்டும் அது நம் இடம் என்றோம். ஊருக்கே எழுதிவைத்த இடத்தில் ஊர்ப் பிள்ளையை நுழைய விடாத உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

பழைய காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மந்தை, சாவடி, களம், ஊருணி என்று ஒவ்வொரு ஊரிலும் பொது இடம் இருந்தது உண்மை. எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதும் உண்மை. சாவடித் திண்ணையில் யார் உட்காரலாம், ஊருணியில் யார் குடம் இறக்கலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. நம் தாத்தாக்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நம் அப்பாக்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைப்பிரிவில் யாருக்கும் தனித் தெரு கிடையாது, பணம் கட்டியவருக்கு மனை என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பச்சை மூலையின் வாசலில் நாம் நின்றது பழைய சாவடி வாசலில் நின்ற அதே நிலையில்தான்.

களத்தின் கதியும் இதுதான். கதிர் அடிக்க, தானியம் காயப்போட என்று வருவாய்க் கணக்கிலேயே களம் புறம்போக்கு என்று தனியாகக் குறித்த இடங்கள் இருந்தன. அறுவடை இயந்திரம் வந்தபிறகு களம் எதற்கு என்று அலட்சியமானோம். ஒருவர் வைக்கோல் படப்பு போட்டார், ஒருவர் மாட்டுக் கொட்டகை போட்டார். இப்போது அறுவடைக் காலத்தில் நம் பக்கத்துச் சாலைகளில் வண்டி ஓட்டிப் பாருங்கள். மக்காச்சோளமும் கம்பும் மிளகாய் வற்றலும் தார்ச்சாலையின் பாதியை அடைத்துக் காய்கின்றன. ஓரத்தில் கல் வைத்து, லாரி வருகிறதா என்று பார்த்தபடி பெண்கள் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். களத்தை விட்டுக்கொடுத்தவர்கள் நாம். சாலையில் காயப்போடுகிறார்களே என்று காருக்குள் இருந்து அலுத்துக்கொள்கிறவர்களும் நாம்.

ஓட்டப்பிடாரத்துக்காரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது வ.உ.சி.யை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1872 செப்டம்பர் 5-இல் இங்கே பிறந்தவர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்று வகுத்தார். பெரும் பணக்காரர் ஒருவர் கையில் இல்லாமல், பலர் பங்கு போட்டு ஒரு பொதுக்காரியத்தை நடத்த முடியும் என்று நம்பிய மனிதர் அவர். 1908-இல் அவர் சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணப் போட்டியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஒருவர் போனதும் பொறுப்பை ஏற்கப் பங்குதாரர்கள் முன்வராததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆண்டுதோறும் அவர் நினைவில்லத்துக்கு மாலையோடு போகிறோம். அன்று மாலையே சங்கக் கூட்டம் என்றால் வேலை இருக்கிறது என்கிறோம்.

2023 டிசம்பர் மழையையும் சொல்ல வேண்டும். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கிற சராசரி மழையைவிட அது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியின் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அத்தனை மழையை எந்தப் பூங்காவும் குடித்திருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே நம் தெருக்கள் மிதக்கின்றனவே, அதற்குக் காரணம் வானம் இல்லை. அவரவர் மனையை அவரவர் சரள் அடித்து உயர்த்தினோம். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போனது, அவரும் உயர்த்தினார். வாசலுக்குப் பேவர் பிளாக் பதித்தோம். பெருக்கச் சுலபம், செருப்பில் கரிசல் ஒட்டாது. பல மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கு விடுவது விலைபோகாத பள்ளமான மூலை. மழைத்தண்ணீர் தானாகப் போய்ச் சேர்கிற இடம் அது. அங்கே என்ன வைக்கலாம் என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த நிலம் எதற்கு ஏற்றது என்று ஒவ்வொரு மழையும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒரு சின்ன ஊருணியும் கரையில் நாலு மரமும் போதுமாயிருந்தது. கொசு வருகிறது என்று சொல்லி, இடிபாடு கொட்டி மேடாக்கினோம்.

சரிசெய்ய முடியாத நிலைக்கு நாம் இன்னும் போகவில்லை என்பது என் நம்பிக்கை. பெங்களூரில் சதாசிவநகர்ப் பக்கம் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே குடியிருந்தவர்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. குளம், மேய்ச்சல் வெளி போன்ற ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று 2011 ஜனவரியில் அதே நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் இடத்தை யாரும் பறிக்கவில்லை, நாம்தான் விட்டிருக்கிறோம். எடுத்துக்கொள்ள நீதிமன்றம் தேவையில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகர்க்காரர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகிற வழக்கமே இல்லை. அது ஊர்க்காரர்கள் விஷயம் என்று விட்டுவிட்டோம். தானப் பத்திரம் ஊராட்சியின் பேரில் இருக்கும்போது பேச வேண்டிய இடம் அதுதான். பழைய ஊர்க்காரர்களோடு ஒரே பந்தலில் உட்கார்ந்து, இது உங்களுக்கும் எங்களுக்கும் உள்ள இடம், என்ன செய்யலாம் என்று நாம் முதலில் கேட்க வேண்டும். விரட்டிவிட்ட பிள்ளைகளில் சிலர் இப்போது வாக்காளர்களாகியிருப்பார்கள். அவர்கள் கோபமாகப் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு முன் நம் சங்கம் ஒருமுறை கூடட்டும், வாட்ஸ்அப்பில் வேண்டாம், அந்த இடத்திலேயே. வெயில் தாழ்ந்து, பெண்கள் அடுக்களையை விட்டு வரத் தோதான நேரமாகப் பார்த்து வைப்போம். ஊஞ்சலா உடற்பயிற்சிக் கருவியா என்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, மாதம் ஆளுக்கு எவ்வளவு, எந்தக் கிழமை யார் முறை என்பதை முதலில் எழுதிக்கொள்வோம். பள்ளத்தைப் பள்ளமாக மீட்டு, வேம்பும் புங்கையும் பூவரசும் வைத்தால் நம் உப்புக்காற்றுக்கும் ஆடிக்காற்றுக்கும் தாங்கும். மரம் வளரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு சிமென்ட் பெஞ்சும் விளக்கும் போதும். கதிர் காலத்தில் ஒரு ஓரத்தை ஊர்க்காரர்கள் தானியம் காயப்போடத் திறந்துவிடலாம்.

வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, தானப் பத்திரத்தின் நகலை வாங்கி வாருங்கள். ஒருவர் அங்கீகரித்த வரைபடத்தின் நகலைக் கொண்டு வாருங்கள். நில அளவைக்கான மனுவை நான் எழுதி வருகிறேன். வேலியை ஓர் அடி நகர்த்தியவர் வீட்டுக்கு நாலு பேராகப் போய், முதலில் காப்பி குடித்துவிட்டு, அப்புறம் பேசுவோம்.