பெயரற்றவளுக்குப் பொற்சட்டமா?

கீழைநாட்டு அழகி என்று ஐரோப்பியர் தீட்டிய ஓவியங்களின் அச்சுப்படங்கள் இன்று எளிதில் விலைக்குக் கிடைக்கின்றன. கடல்கடந்து பொருளீட்டிய நம்மவரிற் சிலர், காரைநகரிலே எழுப்பும் புதுமனையின் முன்கூடத்தில் அவற்றை மாட்டுவதைப் பெருமையென எண்ணுகின்றனர். கலைதானே, இதில் என்ன குற்றம் என்பது அவர்தம் வாதம். குற்றப்பத்திரத்தை நாம் வாசிக்கின்றோம். தீர்ப்பை வாசகர் வழங்கட்டும்.

இவ்வகை ஓவியங்களுட் பெரும்புகழ் பெற்றது, பிரெஞ்சு ஓவியர் இங்கிரே 1814-இல் தீட்டிய அந்தப்புரப் பெண். அவரோ கீழ்நாடு எதிலும் காலடி வைத்தவரல்லர். துருக்கியைக் காணாமலே துருக்கிப் பெண்ணைக் கண்டுவிட்டார்! அவள் முதுகு இயற்கைக்கு மாறாக நீண்டிருப்பதை அக்காலத் திறனாய்வாளரே எள்ளினர். சம்பவ இடத்தில் இல்லாதவனின் சாட்சியத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

நேரில் வந்தவர் உண்மையைக் காட்டினரன்றோ எனின், அதையும் பார்ப்போம். 1875-இல் இலங்கைக்குக் குடிவந்த யூலியா மார்கிரட் கமரன், நிழற்படக் கலையில் உலகப்புகழ் பெற்ற பெண்மணி. 1833-இல் இந்நாட்டு நீதிமுறையை மாற்றியமைத்த சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய அதே கமரனின் மனைவி. இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த தெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயருண்டு. போகட்டும், அவர்கள் பெரியவர்கள். கன்னிமரியாளாக வேடமிட்டு நின்ற வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியருக்கும் பெயருண்டு! களுத்துறையில் அவர் கருவிமுன் நின்ற நம் நாட்டுப் பெண்களுக்கோ 'குடியானவர்' என்ற பொதுச்சொல்லே மிஞ்சிற்று. பின்னர் கொழும்புப் பிளாட்டே நிறுவனத்தாரின் அஞ்சலட்டைகளிலும் 'தமிழ்ப் பெண்' எனும் தலைப்போடு பெயரின்றியே அவள் கப்பலேறினாள். யார் மகள்? எவ்வூராள்? கேட்பாரில்லை.

இனி, காரைநகர்ப் பழைய உறுதியொன்றை விரித்துப் பாருங்கள். காணியின் பெயர், இத்தனை பரப்பு, இத்தனை குழி, நாற்றிசை எல்லை. அவற்றோடு, இன்னார் மகள், இன்னார் பெண்சாதி என்று அவள் பெயரும் நிற்கும். ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல், எழுத்தில் வகுக்கப்பட்ட தேசவழமை சீதனத்தை அவள் உடைமையாகவே கொண்டது. அக்காணியை அவள் விற்கக் கணவன் சம்மதம் வேண்டுமென்ற தளையை 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் நீக்கவில்லை என்பது உண்மையே. அது வேறு வழக்கு. அதையும் நாம் விடப்போவதில்லை. ஆயினும் எல்லைக்கல்லுக்கு உரியவளென்று பெயர் பொறிக்கப்பட்டவளைப் பெயரற்ற பதுமையாகக் காட்டும் படத்துக்கு நம் வீட்டில் பொற்சட்டம் எதற்கு?

சுவர் வெறுமையாயிருக்கிறதெனின், அப்பாச்சியின், அம்மம்மாவின் மங்கிய படத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள். அதன் அடியில் அவர் பெயர், தந்தையின் பெயர், அவர் ஆண்ட காணியின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். 1990களின் தொடக்கத்தில் ஊர்விட்டு ஓடியபோது படங்களை இழந்த குடும்பங்கள் பல. அத்தகையோர் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி கிடைக்குமாவென விசாரித்துப் பெற்று, அதையே சட்டமிட்டு மாட்டலாம்.